ஏழாம் நம்பர் மேசையில் நான் சொன்ன பதில்

சேகரு, உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்துச்சு. நாலு நாளா அதை எடுத்துப் படிக்கிறதும் மடிச்சு வைக்கிறதுமா இருக்கேன். தப்பா ஒரு வார்த்தை இல்லை. கம்பெனியில உன்னைப் பெரிய கப்பலுக்கு மாத்திட்டாங்க, எங்கேயோ அமெரிக்காப் பக்கம் ஓடுற கப்பல், ரெண்டு வருசத்துக்கு ஊருக்கு வர முடியாது, இப்ப இருக்கிற கப்பல் வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை கிள்ளான் துறைமுகத்துக்குக் கடைசியா வருது, காலையில வந்து மத்தியானம் கிளம்பிடும். எல்லாத்தையும் வரிசையா எழுதியிருக்கே. கடைசியில, 'தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்'னு முடிச்சிருக்கே. ஓட்டல்ல ரூம் காலி பண்ணிட்டுப் போறவங்க கையில குடுத்து அனுப்புற சீட்டு மாதிரி இருந்துச்சு. நீ என்னைத் திட்டி எழுதியிருந்தா நானும் பதிலுக்கு நாலு திட்டு திட்டியிருப்பேன். இந்த மரியாதைக்கு நான் என்னன்னுடா பதில் எழுதுறது?

உன் கப்பல்ல நான் நாலு நாள் வந்துட்டுப் போய் ஒரு வருசம் ஆகப் போவுது. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை தவறாம எழுதுறே, ஒவ்வொண்ணும் இப்படித்தான் இருக்கு. வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. தீபாவளிக்கு மறுநாள் வந்து, பசியாறிட்டு, தட்டை நீயே கழுவி வச்சுட்டு, 'வரேன்மா'ன்னு கிளம்பிட்டே. பக்கத்து வீட்டு லெச்சுமி, 'என்னக்கா, பையன் இவ்ளோ மரியாதையா இருக்கானே, குடுத்து வச்சவ லா நீ'ன்னு சொன்னா. எனக்கு எங்கேயாவது போயி முட்டிக்கலாம் போல இருந்துச்சு. புக்கிட் ரோத்தான்ல இந்த வாடகை வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணி வருது, கரண்டு வருது, சுங்கை செம்பிலாங்லருந்து மீன்காரன் மோட்டார்சைக்கிள்ல வர்றான். பேசத்தான் ஆள் இல்லை. ரேடியோவுல பொறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறப்ப, ஊர் பேர் தெரியாத பிள்ளைங்க பேரையெல்லாம் உக்காந்து கேட்டுட்டு இருக்கேன். ஒரு மீனை வாங்கிட்டு வந்து ரெண்டு நாளைக்கு வச்சுத் தின்னுறேன். தனியாக் கெடக்கேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா அதான் நெசம்.

கப்பல்ல நடந்தது உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா என் வாயால நீ கேட்டதில்லை, நானும் சொல்லலை. அதனால முதல்லருந்து சொல்றேன், பொறுமையாப் படி. வேலை செய்யிறவங்க பெத்தவங்களைக் குறைஞ்ச காசுல கூட்டிட்டு வரலாம்னு நீ எனக்கு டிக்கெட் அனுப்பினே. கிள்ளான்ல ஏறி, பினாங்கு போய், அங்கருந்து புக்கெட், திரும்பவும் கிள்ளான். உங்கப்பா தவறிப் போயி ஒம்பது வருசத்துல நான் போன முதல் பயணம் அது. நான் எதைக் கட்டிக்கிட்டு வந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட் பங்களாவை மூடிட்டு அவங்க ஊருக்குப் போறப்ப வெள்ளைக்காரத் தொரையம்மா குடுத்துட்டுப் போன ஊதா சேலை, அவங்களே குடுத்த முத்துமாலை. கண்ணாடியில பாத்தேன். இருவத்திரெண்டு வருசம் அந்தப் பங்களாவுல தட்டு எடுத்தவளா இதுன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

முதல் நாள் மத்தியானம் என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திட்டு நீ சொன்னதை நான் மறக்கலை. 'அம்மா, சாப்பாட்டு மண்டபத்துல உன்கூட உக்காந்து நான் பேசக் கூடாது, அது ரூல். ஆனா ஏழாம் நம்பர் மேசையைக் கேட்டு வாங்கியிருக்கேன், உனக்கு நான்தான் பரிமாறுவேன். மூணாம் நாள் பெரிய விருந்து. கேப்டன் ஒவ்வொரு மேசையா வருவாரு. அவர்கிட்ட இது எங்கம்மான்னு சொல்லிக்கிறேன்னு ஹெட் வெயிட்டர்கிட்ட பர்மிஷன் கேட்டு வச்சிருக்கேன்.' சொல்றப்ப உன் முகம் ஸ்கூல்ல பரிசு வாங்கின பிள்ளை முகம் மாதிரி இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்? 'அதெல்லாம் எதுக்குடா, வேலையைப் பாரு லா'ன்னு சொன்னேன். மனசுக்குள்ள சந்தோசம்தான். அதையாவது வெளிய சொல்லியிருக்கலாம்.

கீழ உன்கூட வேலை செய்யிற எல்லாருக்கும் நான் உன் அம்மான்னு தெரியும். ரூம் சுத்தம் பண்ண வந்த அந்த பிலிப்பைன்ஸ் பையன் ரிக்கோ, என்னை மம்மின்னுதான் கூப்பிட்டான். மறுநாள் காலையில அவன் வர்றதுக்குள்ள நானே படுக்கையை விரிச்சு, குளியலறையைத் தேச்சுக் கழுவி, துண்டை மடிச்சு வச்சுட்டேன். அவன் வந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டான். அழுதுடுவான் போல இருந்துச்சு. சேகரோட அம்மாவுக்கு நான் செய்யணும்னு இருந்தேன், நீங்க எனக்கு ஒண்ணும் விட்டு வைக்கலையேன்னு தெரிஞ்ச அரைகுறை மலாய்ல சொன்னான். நான் மரியாதைன்னு நினைச்சுச் செஞ்சது அவனுக்கு அவமானமாப் போச்சு. அப்புறம் தலையணையை மட்டும் கலைச்சுப் போட்டேன், அவன் அதைச் சந்தோசமா அடுக்கி வச்சான். எங்க மாதிரி ஆளுங்களுக்கு அடுத்தவங்களுக்குச் செய்யத் தெரியும். உக்காந்து வாங்கிக்கத் தெரியாது.

மேசையிலயும் அதே கூத்துதான். முதல் சாப்பாடு முடிஞ்சதும் நான் பாட்டுக்கு எழுந்திரிச்சு எல்லார் தட்டையும் இழுத்து, எலும்பையெல்லாம் ஒரே தட்டுல வழிச்சு, அடுக்க ஆரம்பிச்சுட்டேன். கை அதுவாப் போவுது, என்ன பண்ணுவேன்? மேசையில அஞ்சு பேரும் என்னையே பாத்தாங்க. நீ வந்து குனிஞ்சு, என் கையிலருந்து தட்டை மெதுவா வாங்கி, 'விடுங்கம்மா, இது என் வேலை'ன்னு சொன்னே. பொம்பளைங்க யாரையும் அம்மான்னு கூப்பிடலாம், அதனால யாருக்கும் வித்தியாசமாத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுச்சு.

அந்த அஞ்சு பேரை உனக்கு ஞாபகப்படுத்துறேன். ஈப்போவுலருந்து வந்த வயசான சீனப் புருசன் பெண்டாட்டி, ரெண்டு பேரும் வாத்தியாரா இருந்து ஓய்வு எடுத்தவங்க. தேனிலவுக்கு வந்த ஒரு சின்ன சோடி, அதுங்களுக்கு நாங்க இருக்கிறதே தெரியாது. அஞ்சாவது ஆள், கோலாலம்பூர் டாக்டர் வீட்டம்மா. நம்ம தமிழ் ஆளுதான். புருசனுக்குக் கடல் ஒத்துக்கலைன்னு அவர் ரூமை விட்டே வரலை. அந்தம்மா உன்னைக் கூப்பிட விரலைச் சொடுக்கும். மீன் ஆறிப்போச்சு, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு, அந்தப் பூவை அந்தப் பக்கம் நகர்த்து. ஒரு தேங்க்யூ கிடையாது. நீ இடது பக்கம் நின்னு வைக்கிறே, வலது பக்கம் நின்னு எடுக்கிறே, ஒரு கரண்டிச் சத்தம் கேக்கலை. பங்களாவுல எனக்கு அதைக் கத்துக்க மூணு வருசமாச்சு. என் பிள்ளைடா இதுன்னு எழுந்து நின்னு சொல்லியிருக்கணும்.

சொல்லலையே. ஏன் சொல்லலைன்னு இந்த ஒரு வருசமா எனக்கு நானே ஒரு கதை சொல்லிட்டு இருந்தேன். உன் வேலைக்கு ஏதும் வந்துடக் கூடாதுன்னு பாத்துப் பேசாம இருந்தேனாம். உனக்கு ஒரு கடுதாசியிலயும் அப்படித்தான் எழுதினேன். அது பொய் சேகரு. என்ன நடந்துச்சுன்னா, ரெண்டாவது வேளை சாப்பாட்டுலயே டாக்டர் வீட்டம்மா என் முத்துமாலையைப் பாத்துச்சு. எந்தக் கத்தியை எதுக்கு எடுக்கணும்னு எனக்குக் கண்ணை மூடிட்டே தெரியும், அதையும் பாத்துச்சு. 'நீங்க எந்த ஊரு?'ன்னு கேட்டுச்சு. கோல சிலாங்கூர் பக்கம்னேன். 'எஸ்டேட்டா?' ஆமான்னேன். 'எத்தனை ஏக்கர் வரும்?' ஆயிரத்து எழுநூறு ஏக்கர்னு சொன்னேன். கேட்டதுக்குச் சரியாத்தான் சொன்னேன், எஸ்டேட் அவ்வளவுதான். யாருதுன்னு அது கேக்கலை, நானும் சொல்லலை. அதுலருந்து பேச்சே மாறிப்போச்சு. 'நீங்க முதல்ல எடுத்துக்கங்க', 'இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க', 'அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு வரணும்'. எனக்கு அம்பத்தாறு வயசு. அதுவரைக்கும் எனக்காக ஒருத்தரும் நாற்காலியை இழுத்துப் போட்டதில்லை. பிடிச்சிருந்துச்சுடா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

மூணாம் நாள் மத்தியானம். நீ எல்லாருக்கும் மீனை வச்சுட்டு என்னைப் பாத்து லேசா சிரிச்சுட்டுப் போனே. ராத்திரிதான் விருந்து, அந்த நினைப்புல சிரிச்சிருப்பே. டாக்டர் வீட்டம்மா என் பக்கம் சாஞ்சு, 'என்ன, அந்த வெயிட்டர் பையன் வந்ததுலருந்து உங்களையே பாத்துட்டுப் பாத்துட்டுப் போறான்? தெரிஞ்சவனா?'ன்னு கேட்டுச்சு.

'தெரியாதுங்க'ன்னேன். 'யாரோ ஒரு பையன்.'

'மூஞ்சியைப் பாத்தாலே எஸ்டேட் பையன்னு தெரியுது. கொஞ்சம் இடம் குடுத்தா ஒட்டிக்குவானுங்க. நீங்க பேச்சு வச்சுக்காதீங்க.'

'ஆமாங்க'ன்னேன்.

அந்த 'ஆமாங்க'வை யாரும் என் வாயில கையை விட்டு எடுக்கலை. நானாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சுத் திரும்புறேன், நீ எனக்குப் பின்னால, மீனுக்கப்புறம் வர்ற சூப்புக் கிண்ணத்தோட நிக்கிறே. நீ எவ்ளோ நேரமா அங்க நின்னேன்னு தெரியலை. கிண்ணத்தை என் முன்னால வச்சு, கைப்பிடியைத் திருப்பி வச்சு, 'என்ஜாய் யுவர் சூப், மேடம்'னு சொல்லிட்டுப் போயிட்டே. ஒரு சொட்டு சிந்தலை.

ராத்திரி விருந்துல ஏழாம் நம்பர் மேசைக்கு வேற ஒரு பையன் வந்தான். நீ அந்தக் கோடியில இருக்கிற மேசைக்கு மாத்திக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்னுட்டு இருந்தே. கேப்டன் வந்தாரு. எல்லாரும் உக்காந்திருக்கையில நான் மட்டும் பழக்கத்துல சட்டுன்னு எழுந்து நின்னுட்டேன். அவர் கையைக் குடுத்து, பயணம் நல்லா இருக்கான்னு கேட்டாரு. நல்லா இருக்குன்னேன்.

நீ எட்டு வயசுல இருந்தப்ப ஒரு தடவை இதையே உனக்குச் செஞ்சிருக்கேன். உனக்கு அது மறந்திருக்கும்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். பங்களாவுல வேலைக்குச் சேர்றப்பவே எஸ்டேட் ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சொல்லி அனுப்பினாரு, பிள்ளைகுட்டிங்க பங்களாப் பக்கம் வரக் கூடாதுன்னு. நானும் உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்கு வகுப்புல முதலா வந்துட்டேன்னு ரிப்போர்ட் புத்தகத்தைத் தூக்கிட்டு, பின்பக்கம் சமையல் நடக்குற குசினி வழியா வராம, முன்பக்கப் புல்தரை வழியா ஓடி வந்துட்டே. தொரையம்மா விருந்தாளிங்களோட தேத்தண்ணி குடிச்சுட்டு இருந்தாங்க. 'யார் இந்தப் பையன்?'னு ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டாங்க. கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துப் பையன்னு சொன்னேன். அவங்க உன் கையில ஒரு துண்டு கேக் குடுத்தாங்க, நீ 'தேங்க்யூ மேடம்'னு சொல்லிட்டு ஓடிட்டே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முன்பக்கமா வந்ததுக்கு உன்னை அடிச்சேன். அடிச்சு முடிச்சப்புறம் நீ பாதி கேக்கைக் காகிதத்துல மடிச்சு எனக்குன்னு வச்சிருந்ததை எடுத்து நீட்டினே. அதை வாங்கித் தின்னேன். புத்தகத்தை மறுநாள்தான் பாத்தேன்.

அன்னைக்கு எனக்கு வேலை போயிடும்னு பயம். உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி, ரப்பர் மரம் வெட்டுக்குப் போக முடியாம படுத்திருந்த நேரம். அதை மன்னிக்கச் சொல்லிக் கேக்கலாம். கப்பல்ல எனக்கு என்ன போயிடும்? நாலு நாளைக்கு ஒரு நாற்காலி, ஜன்னல் பக்கம். அதுக்காக உன்னை இல்லைன்னேன்.

இன்னொண்ணும் இருக்கு. அது உனக்கு எப்படிப் பட்டுச்சுன்னு எனக்குத் தெரியலை, அதைக் கேக்கத்தான் பயமா இருக்கு. இறங்குற அன்னைக்குக் காலையில நீங்க எல்லாரும் வெள்ளைச் சட்டையோட படிக்கட்டுக்குப் பக்கத்துல வரிசையா நின்னீங்க. எனக்கு முன்னால ஈப்போ வாத்தியாரம்மா போனாங்க. முந்தின நாள் மத்தியானம் நீ சூப்பை வச்சுட்டுப் போனப்பவே அவங்க என் கையைத் தொட்டு, 'நல்ல பையன். ஆறு தட்டு வச்சான், உங்க தட்டுல மட்டும் மீன்ல முள் எடுத்திருந்துச்சு'ன்னு மலாய்ல மெதுவாச் சொன்னாங்க. அவ்வளவுதான். வேற ஒரு கேள்வி கேக்கலை, டாக்டர் வீட்டம்மா முன்னால என்னைக் காட்டிக் குடுக்கலை. படிக்கட்டுல உன்கிட்ட வந்ததும் நின்னு, உன் கையைப் பிடிச்சு, 'உன்னை உங்கம்மா நல்லா வளத்திருக்காங்க. பாத்தா நான் சொன்னேன்னு சொல்லு'ன்னாங்க. சொல்லிட்டு, உடனே போகாம, என்னைத் திரும்பிப் பாத்து, எனக்காகக் கொஞ்சம் நின்னாங்க. எனக்கு ஒரு வழியைத் திறந்து விட்டாங்க. நான் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறேன். நான்தான் அதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பின்னால டாக்டர் வீட்டம்மா நிக்குதுன்னு கைப்பையைத் தடவிட்டு இருந்தேன். நீ என்னைப் பாக்காம, 'கண்டிப்பாச் சொல்றேன் மேடம்'னு அவங்களுக்குப் பதில் சொன்னே.

அவங்க சொன்னதை இன்னும் நீ எனக்குச் சொல்லலை.

புதுக் கப்பலுக்குப் போறப்ப பெத்தவங்க நாலு புத்தி சொல்லி அனுப்புவாங்க. எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்றேன், கேட்டா கேளு. விரல் சொடுக்குறவங்க அங்கயும் வருவாங்க. அவங்க மேல கசப்பை வச்சுக்காதே. நானும் அந்த மாதிரி மேசையில மூணு நாள் உக்காந்தவதான், விரலைச் சொடுக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா தட்டுல மலை மாதிரி அள்ளி வச்சுட்டுப் பாதியைக் கொட்டுறவங்களைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்க, தப்பில்லை. பழத்தட்டுலருந்து கைப்பையில எடுத்துப் போடுறவங்களைக் கண்டும் காணாம விட்டுடு. நான்கூட ரெண்டு ஆப்பிள் எடுத்துட்டு வந்தேன், லெச்சுமிக்கு ஒண்ணு குடுத்தேன். தனியா வர்ற வயசானவங்க மேசையில ஒரு நிமிசம் கூட நில்லு. சாப்பாடு நல்லா இருக்கான்னு கேக்குற சாக்குல அவங்க ஊரைக் கேளு. ரிக்கோ என்கிட்ட தினமும் கேப்பான், நானும் தினமும் புக்கிட் ரோத்தான்னு சொல்லுவேன், அவனுக்கு வாயில நுழையாது. அந்த நாலு நாள்ல நான் உண்மையாச் சிரிச்சது அப்ப மட்டுந்தான். ஒரு நாள் நீயும் சம்பாதிச்சு, கலியாணம் பண்ணி, ஒரு கப்பல்ல பயணியா உக்காருவே. அப்ப உனக்குப் பரிமாற வர்றவன் யார் பெத்த பிள்ளையா இருந்தாலும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பாரு.

சிரமப்பட்டு வர வேண்டாம்னு எழுதியிருக்கே. என்ன சிரமம்? முதல் பஸ்ஸைப் பிடிச்சா ஜெராம், காப்பார் வழியா எட்டு மணிக்குக் கிள்ளான், அங்கருந்து இன்னொரு பஸ். நான் வருவேன். இந்தத் தடவை முத்துமாலை கிடையாது, அதை லெச்சுமி மகளோட சடங்குக்குக் குடுத்துட்டேன். பலகாரம் கிலகாரம் சுட்டுக் கொண்டாந்து உன்னை மடக்கவும் வரலை. துறைமுகத்துல ஆளுங்க வெளிய வர்ற கேட்டுக்கிட்ட நிப்பேன். உன் கூட்டாளிங்களோட நீ வருவே. வந்ததும் சேகருன்னு கூப்பிடுவேன், எஸ்டேட்டுல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களைக் கூப்பிடுற சத்தத்துல. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, உனக்கு மானம் போவும், எனக்குக் கவலை இல்லை.

நீ நின்னா நல்லது. நிக்காம, எனக்கு முதுகைக் காட்டிட்டுப் போனாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், அதுக்கு உனக்கு உரிமை இருக்கு. ஆனா நீ போனதும், பக்கத்துல நிக்கிறவங்க யாராவது என்னைப் பாத்து, 'அந்தப் பையன் உங்களுக்குத் தெரிஞ்சவனா?'ன்னு கேப்பாங்க.

அதுக்குப் பதில் சொல்லத்தான் வர்றேன்.

உன்னைப் பெத்தவ